கொட்டிலில் நிற்கும் 1974 செலிக்கா: எங்கே தொடங்குவது?

கேள்வி: பெரியப்பாவின் 1974 ரொயோட்டா செலிக்கா, ரி.ஏ.22, அராலியில் பரவைக்கடலுக்குக் கிட்ட உள்ள வளவில் ஒரு கொட்டிலுக்குள் நிற்கிறது. 90களில் மண்ணெண்ணெயில் ஓடிய கார். 2006இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை பூட்டியதோடு நிறுத்தியது. பெரியப்பாவும் இப்போது இல்லை. புதுப் பற்றறி போட்டு, பெற்றோல் ஊற்றி, ட்ரக்டரால் இழுத்தால் ஸ்ராட் ஆகும் என்கிறார் ஒரு மெக்கானிக். எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு புதிய யப்பான் எஞ்சின் ஒன்று போடு என்கிறார் இன்னொருவர். கார் உடலை முழுக்க மணல் அடித்துச் சுத்தமாக்கலாமா? கனடாவில் உள்ள அண்ணா பாகங்கள் வாங்கி அனுப்பத் தயார். கையில் உள்ள காசு ஒரே தடவையில் எல்லாவற்றுக்கும் காணாது. எதை முதலில் செய்வது? (கொக்குவில் வாசகர்)

பதில்: தம்பி, ட்ரக்டரை வரச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் அனுப்பிய படங்களில் ஒற்றைக் காபரேற்றர்தான் தெரிகிறது. ஆகவே உள்ளே இருப்பது சாதாரண 2ரி எஞ்சின்: 1,588 சி.சி., 85 மி.மீ. போர், 70 மி.மீ. ஸ்ட்ரோக், வார்ப்பிரும்பு புளொக், அலுமினிய ஹெட். இதில் கம்ஷாஃப்ற் கீழே புளொக்குக்குள் இருக்கிறது. அது தூக்கும் தள்ளுகம்பிகள்தான் மேலே றொக்கரை அசைத்து வால்வைத் திறக்கின்றன. இத்தனை வருடம் நின்ற எஞ்சினில் வால்வுத் தண்டு கைட்டுக்குள் இறுகியிருக்கும். மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின் என்றால் தண்டைச் சுற்றிப் பிசினும் இருக்கும். கியரில் போட்டு இழுத்தால் அந்தப் பிசின் விடாது, தள்ளுகம்பிதான் வளையும். சிலிண்டர் சுவரில் கறளோடு ஒட்டிக்கொண்ட பிஸ்ரன் றிங் உடைந்தால் அதன் துண்டு போரைக் கீறிவிடும். இவை எல்லாம் தப்பினாலும், பிறேக் பிடிக்காத ஒரு காரைக் கயிற்றில் கட்டி வீதியில் இழுக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

எஞ்சினை எழுப்ப அவசரப்படத் தேவையில்லை. இன்றைக்குச் செய்ய வேண்டியது அதற்கு மேலும் கேடு வராமல் நிறுத்துவதுதான், அதற்கு ஒரு பின்னேரம் போதும். நாலு பிளக்கையும் கழற்றுங்கள். கழற்ற முதல் பிளக் குழியைக் காற்றடித்துச் சுத்தமாக்குங்கள். இல்லாவிட்டால் குளவி கட்டிய மண் சிலிண்டருக்குள் விழும். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 15 மில்லிலீற்றர் அளவு ஓட்டோமற்றிக் கியர் ஒயில் விட்டு, பிளக்கைக் கையால் மட்டும் பூட்டி, ஐந்தாறு நாள் விடுங்கள். அதற்கிடையில் றொக்கர் மூடியைக் கழற்றி வால்வுத் தண்டுகளிலும் அதே ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு வாருங்கள். பிறகு பிளக்குகளைத் திரும்பக் கழற்றி, கியரை நியூற்றலில் போட்டு, கிராங் புலி நட்டில் நீளக் கைபிடிச் சாவி பூட்டி, எஞ்சின் சுற்றும் பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். முன்னுக்கு நின்று பார்த்தால் அது மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கம். திரும்பாவிட்டால் குழாய் போட்டு நெம்பாதீர்கள். இன்னும் ஒரு கிழமை ஊறவிடுங்கள். திரும்பினால் ஒருவர் திருப்ப, மற்றவர் றொக்கர்களைப் பார்க்க வேண்டும். எட்டு வால்வும் ஒவ்வொன்றாகக் கீழே போய்த் தானாகவே மேலே வரவேண்டும். கீழே போன வால்வு மேலே வராவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், ஹெட் கழற்ற வேண்டிய கேஸ் அது.

மண்ணெண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஓடிய எந்தக் காரை எடுத்தாலும், பெற்றோல் எஞ்சினுக்கான எந்தக் கைநூலிலும் இல்லாத ஒரு நோய்ப்பட்டியல் இருக்கும். காபரேற்றர் வாயில் கொஞ்சம் பெற்றோல் விசிறி ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. ஆவியாகாத துளிகள் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு றிங்குகளைத் தாண்டி, எஞ்சின் அடியில் ஒயில் நிற்கும் தட்டான சம்ப்புக்குள் இறங்கும். அதனால் போரின் மேல்பக்கம் தேயும். ஐதான ஒயிலில் ஓடிய பெயாரிங்குகளும் தேயும். ஒயில் குச்சியை இழுத்து மணந்து பாருங்கள். மட்டம் மேல் கோட்டையும் தாண்டி நின்றால், அது ஒயில் குறையாமல் ஓடிய நல்ல எஞ்சின் என்று சந்தோசப்பட வேண்டாம், மிச்சம் மண்ணெண்ணெய்தான்.

அதைவிட மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு (நேரத்துக்கு முதல் தானாக வெடிக்காமல் நிற்கும் தன்மை) மிகக் குறைவு என்பதால் எஞ்சின் தட்டும். தட்டாமல் இருக்கப் பல வழிகள் கையாண்டார்கள். டிஸ்ரிபியூற்றரைத் திருப்பி டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி பாயும் நேரத்தை, பிந்தவைப்பது ஒன்று. அமுக்கத்தைக் குறைக்க இரண்டு ஹெட் காஸ்கெற் போடுவது இன்னொன்று. காபரேற்றர் ஜெற் துளையைப் பெருப்பித்திருக்கலாம். எரிபொருளைச் சூடாக்கச் சைலன்சர் குழாயில் செப்புக் குழாய் சுற்றியிருக்கலாம். உங்கள் காரில் இதில் எது நடந்தது என்பதை ஆரம்பத்திலேயே தேடிப் பாருங்கள். ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில் எத்தனை காஸ்கெற் விளிம்பு தெரிகிறது என்பதை ரோச் அடித்துப் பார்த்தாலே தெரியும். பெருத்த ஜெற்றோடு பெற்றோலில் ஓட்டினால் கறுப்புப் புகை வரும், மறுபடியும் ஒயில் கழுவுப்படும், காபரேற்றர் பழுது என்று சொல்லி முழுதாக மாற்றவைப்பார்கள். மாற்ற வேண்டியது ஜெற்றை மட்டும்தான்.

எஞ்சின் கையால் திரும்புகிறது என்று கண்டபின் சம்ப்பைக் கழற்றுங்கள். ஒயிலை மாற்றினால் போதாதா என்று கேட்பார்கள், போதாது. அடியில் தார் மாதிரிப் படிந்த சேறு, புதிய ஒயிலில் கரைந்து உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். சம்ப்பையும் வலையையும் கழுவி, பிஸ்ரன் கம்பி கிராங்கைப் பிடிக்கும் பெரிய எண்ட் பெயாரிங்குகளில் ஒன்றின் மூடியையாவது கழற்றிப் பாருங்கள். சாம்பல் நிறம் போய்ச் செப்பு நிறம் தெரிந்தால் பெயாரிங் முடிந்தது. எல்லாம் சரியென்றால் சம்ப்பைத் திரும்பப் பூட்டி, புது ஒயில் ஊற்றி, ஸ்ராட்டரால் பிளக் இல்லாமல் சுற்றி, ஒயில் மேலே றொக்கர் வரை வந்தபின் அமுக்கம் பாருங்கள். நாலு சிலிண்டரும் 150 பி.எஸ்.ஐ.க்குக் கிட்ட நின்று, ஒன்றுக்கொன்று 14க்கு மேல் வித்தியாசம் இல்லாவிட்டால் ஹெட்டைத் தொடவே தேவையில்லை. இரட்டைக் காஸ்கெற் போட்ட எஞ்சின் என்றால் நாலும் ஒரே அளவில் குறைவாகக் காட்டும், அது றிங் பழுது அல்ல. ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளவுங்கள். ஏறினால் றிங் அல்லது போர். ஏறாவிட்டால் வால்வு, இல்லையென்றால் காஸ்கெற்.

இவ்வளவும் செய்து, பிளக் குழிகளை மூடி, எஞ்சினை அப்படியே விட்டுவிடுங்கள். ஏனென்றால் உங்கள் காசு போகவேண்டிய இடம் வேறு.

2ரி எஞ்சின் செலிக்காவுக்கு மட்டும் செய்ததல்ல. கொறொல்லாவிலும் கரினாவிலும் அதே எஞ்சின் ஓடியது. பிஸ்ரன், றிங், காஸ்கெற், தண்ணீர்ப் பம்ப் இன்றைக்கும் வாங்கலாம். முழு எஞ்சினே வீணானாலும் இன்னொன்று தேடலாம். ஆனால் 1970 டிசம்பரில் யப்பானில் விற்பனைக்கு வந்து 1977 வரை செய்யப்பட்ட அந்த முதல் தலைமுறை செலிக்காவின் உடலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடினாலும் ஒரு கதவு, ஒரு பொனற் கிடைக்கும்; தரையும் கதவடிச் சட்டமும் கிடைக்காது. பரவைக்கடல் உப்புக்காற்றில் நின்ற கார் உங்களுடையது. ஆகவே தகர வேலை முதலில், பிறேக் இரண்டாவது, எஞ்சின் மூன்றாவது. பெயின்ற் இதற்குள் எங்கேயோ வரும், உள் தையல் வேலை கடைசி. அரைவாசிக் காசு தகரத்துக்கே போகும் என்று இப்போதே மனதில் வையுங்கள்.

இந்தக் காரில் கறள் எங்கே தொடங்கும் என்பது பெரும்பாலும் தெரிந்த விசயம். முன் கண்ணாடிக்கும் பொனற்றுக்கும் நடுவில் காற்றுப் போகும் சல்லடை இருக்கிறதல்லவா, அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி உண்டு. மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி இரண்டு பக்கத்தாலும் வடிய வேண்டும். வேப்பமிலையும் புளியமிலையும் விழுந்து வடிகால் அடைபட்டால், உக்கிய இலை ஈரத்தை வருடக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். ஒரு லீற்றர் தண்ணீரைச் சல்லடைக்குள் ஊற்றிப் பாருங்கள். உடனே முன் மட்காட்டுக்குப் பின்பக்கமாகக் கீழே ஒழுகினால் நல்லது. ஒழுகாமல் நின்றால் வடிகால் அடைப்பு; ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் ஈரம் கண்டால் பெட்டி ஓட்டை. இதுதான் இந்த மொடலில் திருத்தச் சிரமமான இடம், பலர் கவனிக்காத இடமும் இதுதான். பெயின்ற் எல்லாம் முடித்து முதல் மாரியில் கம்பளம் நனைந்த பிறகுதான் கண்டுபிடிப்பார்கள்.

அடுத்தது முன் மட்காட்டின் கீழ்ப்பகுதி, பற்றறி நிற்கும் தட்டு, றேடியேற்றரைத் தாங்கும் சட்டம், கதவுகளின் அடி, பின் சில்லு வளைவின் உதடு, பின் கண்ணாடியின் கீழ் மூலைகள், டிக்கிக்குள் மேலதிகச் சில்லு கிடக்கும் குழி. எல்லாவற்றிலும் முக்கியம், பின் அச்சைப் பிடித்திருக்கும் இணைப்புக் கைகள் உடலில் பூட்டப்படும் இடங்கள். ரி.ஏ.22இல் பின் அச்சு நாலு கைகளாலும் பக்கவாட்டில் ஒரு கம்பியாலும் பிடிக்கப்பட்டு, சுருள் வில்லில் நிற்கிறது. அந்தக் கை பூட்டும் பெட்டி உக்கினால், பிறேக் அடிக்கும்போது பின்பக்கம் ஒரு பக்கம் இழுக்கும். அங்கே ஒட்டு வேலை எதுவும் கூடாது.

பரிசோதிக்க பெரிய கருவி தேவையில்லை. ஸ்க்ரூ சாவியின் கைபிடியால் தட்டுங்கள்: நல்ல தகரம் கணீரென்று கேட்கும், உக்கியது மொத்தையாகக் கேட்கும். ஃபில்லர் (பள்ளத்தை நிரப்பும் பசை) ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, ஒரு சின்னக் காந்தத்தை கடதாசித் துண்டில் சுற்றி உடல் முழுக்க ஓட்டுங்கள். பிடிக்காத இடத்தில் சோக்கட்டியால் வட்டம் போடுங்கள். உங்கள் காரில் வட்டங்கள் நிறைய வரும், பயப்பட வேண்டாம்.

மணல் அடிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். வெளித் தகடுகளுக்குக் கட்டாயம் வேண்டாம். கதவு, பொனற், கூரை எல்லாம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தகரம். மணலின் அடியிலும் சூட்டிலும் அலையலையாக வளைந்துவிடும், பிறகு அதைச் சமப்படுத்தக் கிலோக்கணக்கில் ஃபில்லர் பூச வேண்டிவரும். அவற்றுக்குப் பெயின்ற் கரைக்கும் திராவகமும் கம்பித் தூரிகையும் போதும். அடித்தளம், சட்டங்கள், சில்லு வளைவுகளின் உட்பக்கம் போன்ற தடித்த இடங்களுக்கு அடிக்கலாம். ஆனால் எந்த மணல் என்று கேளுங்கள். வடமராட்சிக் கடற்கரை மணலை ஏற்றிவந்து அடித்தால், கறளை எடுக்கிற அதே நேரத்தில் உப்பைத் தகரத்தின் துவாரங்களுக்குள் அறைந்து வைக்கிறீர்கள். மேல் பெயின்ற் காய்வதற்கு முதலே உள்ளே கறள் தொடங்கிவிடும். அதைவிட, மணல் தூசு நுரையீரலுக்குள் போனால் அது மருந்தில்லாத வருத்தம். கார்னெற் துகள் வைத்திருக்கும் இடம் கிடைத்தால் மட்டும் கொடுங்கள். கிடைக்காவிட்டால் கையால் செய்யுங்கள்.

கறள் எடுத்த இடத்தைக் கழுவும் தண்ணீரையும் பாருங்கள். உங்கள் பக்கத்துக் கிணறுகள் பல சவர். சேர்த்துவைத்த மழைத்தண்ணீரால் கழுவி, உடனே காற்றடித்துக் காயவைத்து, பொஸ்பொரிக் அமிலம் கலந்த கறள் மருந்தைப் பூசி, அன்றைக்கே முதல் பூச்சு அடிக்க வேண்டும். வெறும் தகரத்தை ஓர் இரவு விட்டாலே நமது காற்றில் மண்ணிறம் பிடிக்கும்.

வெட்டி ஒட்டும் வேலையில் ரிங்கரிங் (தகர வேலை) செய்பவரோடு இரண்டு விசயத்தில் விட்டுக்கொடுக்காமல் நில்லுங்கள். ஒன்று, உக்கிய தகரத்தின் மேல் புதுத் தகரம் வைத்து மூடக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஈரம் தங்கி, இரண்டு மாரியில் புதுத் தகரமும் போய்விடும். கண்ணுக்குத் தெரியும் கறளைத் தாண்டி இன்னும் 25 மி.மீ. வெட்டி, பளபளக்கும் தகரத்தில்தான் பற்றவைக்க வேண்டும். இரண்டு, வெளித் தகட்டில் காஸ் வெல்டிங் வேண்டாம். அந்தச் சூடு பரந்து போய்த் தகடு வளையும். 0.6 அல்லது 0.8 மி.மீ. கம்பி ஓடும் மிக் வெல்டிங் தேவை. கோடாக இழுக்காமல் 30 மி.மீ. இடைவெளியில் ஒவ்வொரு பொட்டாக வைத்து, ஒரு பொட்டு ஆறியபின் மற்றப் பக்கத்துக்குப் போய் அடுத்ததை வைக்க வேண்டும். வெளித் தகட்டுக்கு 0.9 மி.மீ. தகரம், கதவடிச் சட்டத்துக்கு 1.2, இணைப்புக் கை பூட்டும் இடங்களுக்கு 1.6. வெட்ட முதல் பற்றறியையும் ஓல்ரனேற்றர் வயர்களையும் கழற்றுங்கள். பெற்றோல் தாங்கியைக் காரில் வைத்துக்கொண்டு பின்பக்கத்தில் நெருப்புப் பிடிக்கவே கூடாது. வெறும் தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்து, உள்ளே நிற்பது ஆவி.

கதவடிச் சட்டம் வெட்ட வேண்டிவந்தால் ஒரு பக்கத்தை முழுதாக முடித்தபிறகுதான் மற்றப் பக்கம். வெட்டுவதற்கு முதல் கதவு இடைவெளிகளை மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் அளந்து எழுதிவையுங்கள். கதவு வாயில் குறுக்கே 25 மி.மீ. பெட்டி இரும்பு பற்றவைத்துப் பூட்டுங்கள். இதைச் செய்யாமல் வெட்டிய கார் நடுவில் தொய்ந்து, வேலை முடிந்தபின் கதவு பூட்டாது. ஃபயர்வோலில் குத்தியிருக்கும் செஸி இலக்கத்துக்குக் கிட்ட அரம்கூடப் போகக்கூடாது. அதை அரைத்துவிட்டால் கார் எவ்வளவு வடிவாக வந்தாலும் பதிவு பிரச்சினை தீராது.

ஃபில்லர் பாவிக்கலாம், குற்றமில்லை. ஆனால் 2 மி.மீ.க்கு மேல் கனம் வேண்டாம், வெறும் தகரத்தின் மேலும் வேண்டாம். அது ஈரம் குடிக்கும் பொருள். முதலில் இரண்டு பூச்சு எபொக்ஸி பிரைமர், அதற்கு மேல் ஃபில்லர், திரும்ப பிரைமர், பிறகு இரண்டு பகுதியாக வந்து கலந்து அடிக்கும் பெயின்ற். மாசி முதல் சித்திரை வரைக்கும் அடித்து முடிப்பது நல்லது. வைகாசிக்குப் பிறகு சோழகம் வீசத் தொடங்கினால் திறந்த கராஜில் தூசு விழாமல் பெயின்ற் அடிக்க முடியாது. ஐப்பசி முதல் வாடைக்காற்றும் மழையும் வந்துவிடும். ஈரத்தில் அடித்த பெயின்ற் பால்பூத்த மாதிரி மங்கும். பெயின்ற் காய்ந்தபின் சட்டங்களின் உள்ளே மெழுகு மருந்து விசிறுங்கள், வடிகால் துளைகளை மூடாமல். அடியில் பழைய எஞ்சின் ஒயில் அடிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் உள்ள அமிலமும் அழுக்கும் தகரத்துக்கு நல்லதல்ல, கைகளின் றப்பர் புஷ்ஷுகளையும் ஊதவைக்கும்.

பிறேக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு டிரம். நாலு சில்லிலும் உள்ள றப்பர்கள், மாஸ்ரர் சிலிண்டர் றப்பர், வளையும் குழாய்கள் எல்லாம் புதிது. சிலிண்டருக்குள் நகத்தால் தடவும்போது குழி தட்டுப்பட்டால் றப்பர் மாற்றிப் பயனில்லை. பித்தளைக் குழல் போடவேண்டும், அல்லது முழுதாக மாற்றவேண்டும். கழுவும்போது பெற்றோலோ மண்ணெண்ணெயோ தொடக்கூடாது, றப்பர் ஊதி அடுத்த மாதமே பிடித்துக்கொள்ளும். பிறேக் திரவத்தாலேயே கழுவுங்கள். டொட் 3 அல்லது டொட் 4 ஊற்றி, நமது ஈரக் காற்றுக்கு ஒவ்வொரு வருடமும் மாற்றுங்கள். ரயர் எவ்வளவு கட்டையோடு தெரிந்தாலும் பழசுகளில் வீதிக்கு இறங்க வேண்டாம். 13 அங்குல ரிம்முக்கு 175/70 அல்லது 185/70 அளவு பொருந்தும்.

பெற்றோல் தாங்கிக்கு: காரிலிருந்து கழற்றி, சேற்றை வடித்து, சவர்க்காரத் தண்ணீரால் பலமுறை கழுவி, லீற்றருக்கு 100 கிராம் சிற்றிக் அமிலம் கரைத்து நிரப்பி ஒரு நாள் விடுங்கள். வெளியே ஊற்றியபின் அப்பச்சோடா கரைசலால் அலசி, உடனே வெயிலில் காயவைத்து உள்ளே கொஞ்சம் ஒயில் சுழற்றிவிடுங்கள். காபரேற்றருக்கு முன்னால் புதிய வடி ஒன்று கட்டாயம்.

இப்போது எஞ்சினை எழுப்பும் கட்டம். றேடியேற்றரில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய காலம் போகட்டும். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வரும் தண்ணீர் அது. கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடிப்பது எப்படியோ அப்படித்தான் புளொக்கின் பின் சிலிண்டரைச் சுற்றியும் பிடிக்கும்; உப்பு அலுமினிய ஹெட்டின் தண்ணீர் வழிகளை அரிக்கும். புளொக் பக்கத்தில் உள்ள வட்டத் தகர மூடிகளை எல்லாம் கழற்றி, உள்ளே சுரண்டி, பித்தளை மூடிகள் போடுங்கள். கழற்றாமல் விட்டால் ஒன்று வீதியில்தான் ஒழுகும். காய்ச்சி வடித்த தண்ணீரோடு கூலன்ற் பாதிக்குப் பாதி. நம்மவர் வெப்பம் என்று சொல்லித் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிவார்கள், அதைச் செய்யாதீர்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெற்றோல் கூடக் குடிக்கும், ஒயிலில் ஈரமும் சேரும். கொதிக்கும் எஞ்சினுக்குப் பெரும்பாலும் காரணம் படை பிடித்த றேடியேற்றர்தான்.

ஹெட் கழற்ற நேர்ந்தால் நேர்கோட்டுச் சட்டம் வைத்து மட்டம் பாருங்கள், 0.05 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் கடைசல் வேலைக்குக் கொடுக்க வேண்டும். ஒற்றைக் காஸ்கெற்றோடு பூட்டுங்கள், பெற்றோலுக்கு அதுதான் கணக்கு. ஈயம் இல்லாத பெற்றோல் பற்றிப் பயமுறுத்துவார்கள். எக்ஸோஸ்ற் வால்வு இடைவெளியை ஒவ்வொரு 3,000 கிலோமீற்றருக்கும் பாருங்கள். தானாகக் குறைந்துகொண்டே போனால்தான் வால்வு இருக்கையில் தேய்வு. அப்போது கடினமான இருக்கை வளையம் போடலாம், முன்கூட்டியே வேண்டாம். அளவுகள்: எஞ்சின் சூட்டில் இன்லெற் 0.20 மி.மீ., எக்ஸோஸ்ற் 0.33 மி.மீ. பொயின்ற் இடைவெளி 0.45, பிளக் 0.8, எரியும் வரிசை 1-3-4-2. பிந்தவைத்த டைமிங்கை ரைமிங் லைற் பிடித்துத் திருத்துங்கள், காதால் அல்ல.

ஒயில் 20டபிள்யூ50. இந்த எஞ்சினின் கம்மும் தப்பற்றும் உராய்ந்து ஓடும் வகை, ஒயிலில் துத்தநாகச் சேர்க்கை வேண்டும். புதுக் கார்களுக்கான மெல்லிய ஒயில்களில் அது குறைத்திருப்பார்கள். விலை கூடின ஒயில் நல்லது என்று 5டபிள்யூ30 ஊற்றிக் கம்மைத் தேய்க்காதீர்கள். முதல் ஒயிலை 100 கிலோமீற்றரில் ஊற்றிவிடுங்கள், அடுத்ததை 1,000இல். பழைய சேறு அதற்குள் நிறைய வரும்.

கனடா அண்ணாவுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். வட அமெரிக்காவில் விற்ற முதல் தலைமுறை செலிக்காவில் உங்கள் எஞ்சின் இல்லை. அங்கே 1972 முதல் 1974 வரை 18ஆர்-சி, 1975 முதல் 20ஆர், இரண்டுமே வேறு குடும்பம். '1974 செலிக்கா' என்று தேடி அவர் வாங்கும் ஹெட் காஸ்கெற்றும் தண்ணீர்ப் பம்ப்பும் உங்களிடம் வந்து மேசையில் கிடக்கும். ஆனால் அதே காலத்துக் கொறொல்லா 1600 அங்கே 2ரி-சி எஞ்சினோடு ஓடியது. ஆகவே எஞ்சின் பாகத்துக்குக் கொறொல்லா என்று தேட வேண்டும். கண்ணாடி றப்பர், கதவு றப்பர், விளக்கு, அலங்காரத் துண்டுகளுக்கு அவுஸ்திரேலியாவில் தேடுவது நல்லது, அங்கே ரி.ஏ.22 விற்றது, அதுவும் வலப்பக்க ஸ்ரியரிங். ரொயோட்டாப் பாக இலக்கத்தின் முதல் ஐந்து எண்கள் என்ன பாகம் என்பதைச் சொல்லும்: 11115 ஹெட் காஸ்கெற், 16100 தண்ணீர்ப் பம்ப், 04111 எஞ்சின் காஸ்கெற் தொகுதி. அடுத்த ஐந்தும் எந்த எஞ்சினுக்கு, எந்த மொடலுக்கு என்று. பழையதில் குத்தியிருக்கும் இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் ஏமாற வழியில்லை.

புதிய எஞ்சின் போடச் சொன்னவருக்கு என் பதில், வேண்டாம். இந்த எஞ்சின் செத்துவிட்டது என்று யாரும் இன்னும் அளந்து பார்க்கவில்லை. எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது; மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துத் திருத்த வேண்டும். அத்தோடு தாங்கிகள், கியர் பொக்ஸ், றேடியேற்றர், வயரிங், சைலன்சர் எல்லாம் மாறும். அந்தச் செலவில் 2ரியை இரண்டு தடவை திருத்தலாம். அசல் எஞ்சினோடு நிற்கும், பழைய ஸ்ரீ எழுத்து இலக்கத் தகடுள்ள காருக்குத்தான் பிற்காலத்தில் மதிப்பும். புத்தகம் இன்னும் பெரியப்பாவின் பேரில் என்றால், ஒரு தகரம் வெட்டுவதற்கு முதல் உரிமை மாற்றத்தைத் தொடங்குங்கள். பெரியம்மாவினதும் மச்சான்மாரினதும் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். கொட்டிலில் கிடக்கும்போது கேட்காதவர்கள் கார் மினுங்கியபின் கேட்பார்கள்.

காரை அராலியிலிருந்து கொக்குவிலுக்கு ஏற்றுவதென்றால் தட்டு லொறியில் ஏற்றுங்கள், நாலு சில்லும் தரையில் படாமல். புது இடத்தில் சீமெந்துத் தரை இருக்க வேண்டும். மண் தரையில் நின்றால் கீழிருந்து ஈரம் ஏறும். படங்கால் போர்த்தவும் வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். பழைய பருத்திச் சேலை இரண்டு போதும். நாலு சிலிண்டரின் அமுக்க அளவுகளையும், சல்லடைக்குள் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் என்ன கண்டீர்கள் என்பதையும், பின் இணைப்புக் கைகள் பூட்டும் இடங்களின் படங்களையும் அனுப்புங்கள். கதவடிச் சட்டத்தை முழுதாக மாற்றவேண்டுமா, துண்டாக ஒட்டினால் போதுமா என்பதை அவற்றைப் பார்த்துத்தான் சொல்லலாம்.